வாயில்லா உயிரும் நோய் காணும் வழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் பேசுதற்குத் தகுதி வாய்ந்த அறிஞர்கள் பலர் இருக்கின்றனர். யானோ பள்ளியிறுதித் தேர்வுக்கு மேல் படியாதவன். இருப்புப்பாதைத் துறையின் பார்சல் அலுவலகத்திலே எழுத்தனாகப் பணி புரிபவன். மருத்துவன் அல்லேன், கால்நடை மருத்துவன் அல்லவே அல்லேன். எனினும், மாடுகளுக்கு வரும் கிருமி நோய்களைக் கண்டறிவதில் உள்ள இடர்ப்பாடுகள் பற்றிப் பேசுகின்றேன் என்று யானே கேட்டுப் பெற்றேன். சென்ற மழைக்காலத்திலே நம் காலனியில் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சி அதற்குக் காரணமாகும். அதனைப் பின்னர் உரிய இடத்திலே கூறுவேன்.

தமிழ்ச் சங்க மேடையிலே மாட்டு நோய்க்கு என்ன வேலை என்று ஒருவர் வினவலாம். மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் நம் மொழியிலே உண்டு. கல்வியைப் பற்றிப் பாட வந்த வள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளிலே ஆண்டிருக்கின்றார். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், அதனை மீட்டலைக் கரந்தை என்றும் திணை வகுத்துப் பாடியவர்கள் நம் முன்னோர். பொங்கலுக்கு மறுநாளை மாட்டுக்கென்றே ஒதுக்கியவர்கள் நாம். ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவு வந்து, மூன்றறைக் குடியிருப்பிலே வாழும் நாம் இன்று மாடு வளர்ப்பதில்லை; ஆனால் மாட்டை நம்பியே வாழ்கின்றோம். காலையில் காப்பி இல்லாத தமிழ் வீடு இக்காலனியில் உண்டோ? அந்தப் பால் எங்கிருந்து வருகின்றது, அதைத் தரும் உயிர் நலமாக இருக்கின்றதா என்று அறிய வேண்டுவது நம் கடமையன்றோ?

முதலாவது, கிருமி என்று யான் குறிப்பது பாக்டீரியா என்னும் நுண்ணுயிரை. மாட்டின் நோயைக் கொண்டுதான் மனிதன் கிருமி நோயின் உண்மையையே கண்டான் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. 1876-ஆம் ஆண்டிலே, ஜெர்மானிய நாட்டின் ஊர்ப்புறத்தில் மருத்துவராக இருந்த இராபர்ட் கோக் என்பார், ஆடுமாடுகளை அழித்துவந்த அடைப்பான் நோய்க்கு, அதாவது ஆந்திராக்ஸ் நோய்க்கு, இன்ன கிருமியே காரணம் என்று ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டினார். 1881-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாஸ்டர், அந்நோய்க்குரிய தடுப்பு மருந்தை ஊரறிய ஆடுமாடுகளுக்குப் போட்டுக் காட்டி வென்றார்.

நம் நாடும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 1889-இல் பூனாவிலே கால்நடை நோய் ஆராய்ச்சிக்கென ஒரு கூடம் தோன்றியது. கொடிய கிருமிகளைக் கையாளுவதற்கு மக்கள் நெருக்கமற்ற இடமே ஏற்றது என்று கருதி, 1893-இல் அதனைக் குமாயூன் மலையிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றினர். 1897-இல் கோக் அவர்களே அங்கு வந்து சென்றார். பின்னர் அதன் கிளை பரேலிக்கு அருகில் இஜ்ஜத்நகரிலே அமைந்து, இன்று இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமாக ஓங்கி நிற்கின்றது. வடகிழக்கு இரயில்வேயின் ஒரு கோட்டத் தலைமையிடம் என்று மட்டுமே நம்மில் பலர் இஜ்ஜத்நகரை அறிவோம். வண்டிகளின் கணக்கைப் போலவே கிருமிகளின் கணக்கும் அவ்வூரில் எழுதப்படுகின்றது என்பதை அறிந்தால் மகிழ்ச்சி உண்டாகாதிருக்குமா?

இத்துணைக் காலம் ஆராய்ந்த பின்னரும் நோய் காண்பது ஏன் கடினமாக இருக்கின்றது? இங்கே ஓர் ஒப்புமையைக் கூறுகின்றேன். வெக்கை நோய் என்று நம் பாட்டன்மார் நடுங்கிய மாட்டுக் கொள்ளைநோய் இன்று உலகத்திலேயே இல்லை. 2006-இல் இந்தியா அந்நோயினின்று விடுபட்ட நாடென ஏற்கப்பட்டது. 2011-இல் உலகமே விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. அது பாக்டீரியாவால் வருவதன்று. வைரஸ் என்னும் வேறு வகை நுண்ணுயிரால் வருவது. அந்நோய் கண்ட மாடு ஒன்று மாளும். அன்றேல் பிழைத்து வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றல் பெறும். பிழைத்த மாடு நோயை உள்ளே மறைத்து வைத்திருப்பதில்லை. மண்ணிலும் அது நெடுங்காலம் தங்குவதில்லை. ஆகவே, பகைவன் வெளிப்படையாக நின்றான், தடுப்பூசியால் வீழ்ந்தான். பாக்டீரியா நோய்களுட் பல அத்தன்மையன அல்ல. சில மண்ணுக்குள் ஒளிகின்றன. சில நலமாகத் தோன்றும் மாட்டின் தொண்டைக்குள் ஒளிகின்றன. சில ஆண்டுக்கணக்கில் குடலுக்குள் ஒளிகின்றன. ஒளிந்திருக்கும் பகைவனைக் கண்டுபிடித்தலே இங்கு முதற் போராகும்.

முதல் இடர்ப்பாடு, பல நோய்கள் ஒரே முகங்காட்டுவது. நேற்று மாலை புல் மேய்ந்த மாடு இன்று காலையில் இறந்து கிடக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அடைப்பான் நோயாக இருக்கலாம். இவ்வூரார் ‘கல்கோட்டு’ என்று கூறும் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். ‘லங்டி புகார்’ என்று இவர்கள் வழங்கும் சப்பை நோயாக இருக்கலாம். பாம்பு தீண்டியிருக்கலாம், இடி விழுந்திருக்கலாம், ஈரப் பசுந்தழையை மிகுதியாகத் தின்று வயிறு உப்பியும் மாண்டிருக்கலாம். மனிதனாயின் எங்கே வலிக்கின்றது என்று ஒரு சொல்லேனும் கூறியிருப்பான். மாடு கூறாது. உரியவனும் இரவில் உறங்கிவிட்டான். மருத்துவர் வந்து காண்பது பிணத்தை மட்டுமே.

இவற்றுள் வேறுபாடு இல்லாமலில்லை. சப்பை நோய் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு மூன்று வயது வரையுள்ள, நன்கு தின்று கொழுத்த இளம் மாடுகளையே பற்றும். தொடையிலோ தோளிலோ வீக்கம் காணும். அழுத்தினால் உள்ளே காற்று நொறுங்குவது போல் ஓசை கேட்கும். தொண்டை அடைப்பான் பசுவினும் எருமையை மிகுதியாகப் பற்றுவது. மழைக்காலத்திலே கடுஞ்சுரத்துடன் தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, ஒரு நாளுக்குள்ளேயே உயிர் போகும். அடைப்பானால் இறந்த மாட்டின் மூக்கு, ஆசனவாய் முதலிய துளைகளினின்று கருநிறக் குருதி கசியும். அது எளிதில் உறையாது. உடலும் பிற பிணங்களைப்போல் விறைப்பதில்லை. ஆயினும், இவ்வடையாளங்கள் எல்லா மாட்டிலும் முழுமையாகக் காணப்படும் என்பதற்கு உறுதியில்லை. அரைகுறையாகக் காணும்போதுதான் தேர்ந்த மருத்துவரும் தயங்குகின்றார்.

அப்படியானால் அறுத்துப் பார்த்தால் தெரியாதோ என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் பெரியதோர் அபாயம் இருக்கின்றது. அடைப்பான் கிருமி மூடிய உடலுக்குள் இருக்கும் வரை, அவ்வுடல் அழுகும்போது தானும் அழியும் இயல்புடையது. உடலை அறுத்தவுடனே காற்றுப் பட்டு, ‘ஸ்போர்’ என்னும் கடினமான உறைவித்தாக மாறிவிடும். அவ்வுறைவித்து மண்ணிலே பற்பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். மேய வரும் வேறொரு மாட்டையும், தோலுரிக்கும் ஏழையையும் பற்றும். எனவே, நோயை அறிவதற்குரிய வழியே நோயைப் பரப்பும் வழியாகவும் ஆகின்றது. அடைப்பானென்ற ஐயம் எழுந்தால் பிணத்தை அறுக்கலாகாது, தோலுரிக்கலாகாது. காது நரம்பிலே ஒரு துளி குருதி மட்டும் எடுத்துக் கண்ணாடித் தகட்டிலே தடவி, நீலச் சாயமேற்றி நுண்பெருக்கியிலே நோக்கல் வேண்டும். நீலக் கோல்கள் போன்ற கிருமிகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தோன்றினால் அது அடைப்பானாகும். 1903-இல் மக்ஃபேடியன் என்பார் கண்ட இம்முறை இன்றளவும் பயன்படுகின்றது. அத்துளிக் குருதியையும் காலந்தாழ்த்தாது எடுத்தல் வேண்டும். உடல் அழுகத் தொடங்கியபின் வேறு கிருமிகள் பெருகி, உண்மைக் கிருமியை மறைத்துவிடும்.

இரண்டாவது இடர்ப்பாடு, நோயுற்ற மாடு நோயற்றது போல் நிற்பது. தொண்டை அடைப்பான் கிருமியை நலமான மாடு ஒன்று தன் தொண்டைச் சதையிலே தாங்கி நிற்கக் கூடும். மழையும் பட்டினியும் நெடுவழிப் பயணமும் சேர்ந்து உடல் தளரும்போது அது தலையெடுக்கும். ஜோனிஸ் நோய் என்று ஒன்றுண்டு. கன்றாயிருக்கும்போது உட்புகும் கிருமி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஓர் அறிகுறியும் காட்டாது. பின்னர் ஓயாத கழிச்சல் கண்டு மாடு எலும்பும் தோலுமாகும். அதற்குள் அதன் சாணத்தின் வழியே தொழுவம் முழுதும் நோய் விதைக்கப்பட்டிருக்கும். அக்கிருமியை ஆய்வுக்கூடத்திலே வளர்த்துக் காண்பதற்கோ மாதக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும்.

மடிவீக்க நோயிலும் இம்மறைவு உண்டு. மடி சிவந்து வீங்கிப் பால் திரிந்து வந்தால் பால்காரனே அறிவான். மடியும் பாலும் கண்ணுக்கு நன்றாயிருந்து, பாலின் அளவு மட்டும் நாளுக்கு நாள் குறைந்துவரும் மறை நோயை யார் அறிவார்? 1957-இல் கலிபோர்னியாவிலே கண்ட எளிய சோதனையொன்று இதற்கு உதவுகின்றது. ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் குழியில் விட்டுச் சோதனைக் கரைசலைக் கலந்து சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் கஞ்சிபோல் கட்டியாகும். ஆயினும், நோய் உண்டென்று அது கூறுமேயன்றி எந்தக் கிருமி என்று கூறாது. அதனை அறியப் பாலைத் தூய்மையாக எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். அங்கும் ஓர் இடையூறு உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி எல்லா நாளும் பாலிலே வெளிப்படுவதில்லை. ஒருநாள் காணவில்லை என்பதனால் மாடு தூயது என்று முடிவு கட்டிவிடலாகாது.

மூன்றாவது இடர்ப்பாடு, சோதனையே தவறிச் சொல்லக் கூடும் என்பது. மாட்டுக் காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1890-இல் கோக் அவர்கள் டியூபர்குலின் என்னும் பொருளைக் காசநோய்க்கு மருந்தென்று வெளியிட்டார். மருந்தாக அது பயன்படவில்லை. ஆனால் நோய் காணும் கருவியாக நிலைத்துவிட்டது. மாட்டின் தோலிலே அதனைச் செலுத்தி, 72 மணி நேரம் கழித்து அவ்விடத்தின் தடிப்பை அளப்பர். தடித்திருந்தால் நோயென்று ஐயுறுவர். எனினும், ஜோனிஸ் நோயுள்ள மாட்டிலும், மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற உறவுக் கிருமிகளோடு பழகிய மாட்டிலும் தடிப்பு எழக் கூடும். மறுபுறம், நோய் முற்றித் தளர்ந்த மாட்டிலும், அண்மையில் கன்று ஈன்ற மாட்டிலும் நோயிருந்தும் தடிப்பு எழாமற் போகலாம். குற்றமற்றவனைக் குற்றவாளியென்றும், குற்றவாளியைக் குற்றமற்றவனென்றும் கூறும் சாட்சியை ஒத்தது இது. ஆதலின், பறவைக் காசக் கிருமியினின்று எடுத்த டியூபர்குலினையும் கழுத்தின் மற்றோரிடத்திலே செலுத்தி, இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்கின்றனர்.

யான் கணக்கெழுதிப் பழகியவன். ஆகையால் ஒரு கணக்கினைக் காட்ட விரும்புகின்றேன். இது விளக்கத்திற்காக யானே வைத்துக்கொண்ட எண். 1000 மாடுகள் உள்ளன. அவற்றுள் 20 மாட்டுக்கு நோய் உண்டு. நம்மிடம் உள்ள சோதனையோ மிக நல்ல சோதனை. நோயுள்ள 100 மாட்டில் 95-ஐப் பிடிக்கும். நோயற்ற 100 மாட்டில் 95-ஐச் சரியாக விடுவிக்கும். இதைக் கொண்டு ஆயிரத்தையும் சோதித்தால் நோயுள்ள 20-இல் 19 அகப்படும். நோயற்ற 980-இலும் நூற்றுக்கு 5 வீதம் 49 மாடுகள் அகப்பட்டுக்கொள்ளும். ஆக, குறியிடப்பட்டவை 68. அவற்றுள் உண்மையில் நோயுள்ளவை 19 மட்டுமே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியான சோதனையை நம்பி அந்த 68 மாடுகளையும் ஒதுக்கினால், 49 ஏழைகளின் வயிற்றில் அடித்தவர் ஆவோம். அந்த 68-ஐ மட்டும் அதே தரமுள்ள, வேறு வகையான இரண்டாவது சோதனைக்கு உட்படுத்தினால், நோயுள்ளவை ஏறத்தாழ 18-உம், நோயற்றவை இரண்டு மூன்றுமே எஞ்சும். முதற் சோதனை சலிப்பதற்கு; இரண்டாஞ் சோதனை தீர்ப்பதற்கு. இக்கணக்கினை அறியாதார் ஒரு தாளில் எழுதிய விடையை இறுதி விடையென்று கொள்கின்றனர்.

நான்காவது இடர்ப்பாடு, என் தொழிலோடு தொடர்புடையது. நோய் இருப்பது ஓர் ஊரில். ஆய்வுக்கூடம் இருப்பது வேறோர் ஊரில். இடையில் இருப்பது வழி. பனிக்கட்டி உருகினால் குருதி கெடும். குப்பி உடைந்தால் சுமப்பவனுக்கு ஆபத்து. உள்ளே ஒரு கசியாத குப்பி, அதனைச் சுற்றி ஈரத்தை உறிஞ்சும் பஞ்சு, அதன்மேல் கசியாத மற்றொரு கலம், அதற்கும் மேல் உறுதியான வெளிப்பெட்டி என்று மும்மடங்காகக் கட்டுதல் வேண்டும். அழுகத் தொடங்கிய பிணத்தினின்று தொண்டை அடைப்பானை அறிய வேண்டின், நீண்ட எலும்பு ஒன்றை அனுப்புவர். எலும்பின் உள்ளிருக்கும் மச்சை, சதை அழுகிய பின்னும் சில காலம் கெடாதிருக்கும். பெட்டியோடு செல்ல வேண்டியது ஒரு சீட்டு. மாட்டின் வயது, நோய் கண்ட நாள், இறந்த நேரம், முன்னர் போட்ட தடுப்பூசி, கொடுத்த மருந்து ஆகிய அனைத்தும் அதிலே இருத்தல் வேண்டும். வில்லை ஒட்டாத மூட்டை எவ்வூருக்குச் செல்வது? விவரமில்லாத குருதிக் குப்பியும் அத்தகையதே.

மருந்து என்றேன், அதுவே ஐந்தாவது இடர்ப்பாடு. மாடு தீனி தின்னவில்லை என்றவுடன், பயிற்சியற்ற எவரையோ அழைத்து ஓர் ஊசி போட்டுவிடுகின்றனர். அது கிருமி கொல்லி மருந்தாயின், அதன்பின் எடுத்த குருதியிலும் பாலிலும் கிருமி வளராது. நோயோ தீர்ந்தபாடில்லை, நோயின் பெயரும் தெரிந்தபாடில்லை. அம்மருந்தின் எச்சம் பாலிலே கலந்து நம் குழந்தைகளின் வயிற்றுக்கும் வருகின்றது. அரைகுறை மருந்துக்குப் பழகிய கிருமிகள் நாளடைவில் எம்மருந்துக்கும் அஞ்சாதனவாகின்றன. நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே மருத்துவம் தொடங்க வேண்டுமென்று வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே வகுத்த நெறி மனிதனுக்கு மட்டும் உரியதன்று.

அன்பர்களே! இப்பொழுது நம் காலனியின் நிகழ்ச்சிக்கு வருகின்றேன். நம்முள் ஏறத்தாழ நாற்பது வீடுகளுக்குப் பால் வார்த்துவந்த பையா ஒருவரை நீங்கள் அறிவீர்கள். சென்ற மழைக்காலத்திலே அவருடைய பசு ஒன்று ஏழாம் மாதத்திலே கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை, அவரே வெறுங்கையால் அதனை எடுத்துப் புறத்தே எறிந்தார். இச்செய்தி பரவியதும், “அவர் பால் நஞ்சு” என்ற பேச்சு வீடு வீடாகச் சென்றது. ஒரு வாரத்திற்குள் பாதி வீடுகள் பாலை நிறுத்திவிட்டன. பையாவோ அப்பசுவை அடுத்த சந்தையிலே விற்றுவிடத் துணிந்தார். “விற்காவிட்டால் என் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவார், பாபுஜி?” என்று அவர் கேட்டபோது விடை கூற எனக்கு நா எழவில்லை.

கன்று வீச்சுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அஞ்சத்தக்கது புரூசெல்லா என்னும் கிருமி. 1887-இல் மால்டா தீவிலே காய்ச்சலால் இறந்த போர்வீரர்களிடம் டேவிட் புரூஸ் என்பார் இவ்வினக் கிருமியைக் கண்டார். 1897-இல் டென்மார்க்கு நாட்டுப் பேங்கு என்பார் கன்று வீசிய பசுக்களிடம் இதன் உடன்பிறப்பைக் கண்டார். கருவின் பிற்பகுதியிலே கன்று விழுவதும், நஞ்சுக்கொடி தங்குவதும் இதன் அடையாளங்கள். ஆனால், ஒரு முறை கன்று வீசிய பசு பெரும்பாலும் அடுத்த முறை நல்ல கன்றையே ஈனும். கிருமி மட்டும் மடியிலே தங்கிப் பாலில் வந்துகொண்டிருக்கும். நோயுற்ற தாய்க்குப் பிறந்த கிடேரி, தான் சினையாகும் வரை எச்சோதனையிலும் அகப்படாமல் இருப்பதும் உண்டு.

நம் சங்கத்து நண்பர்கள் சிலர் கூடிப் பேசி, பையாவைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவர் தொழுவத்திற்கு வந்து ஏழு உருப்படிகளிடமும் குருதி எடுத்தார். ரோஸ் பெங்கால் என்னும் செஞ்சாயச் சோதனையிலே கன்று வீசிய பசுவும், ஓர் இளங்கிடேரியும் அகப்பட்டன. இரண்டையும் ஒதுக்கவேண்டுமென்றே அருகில் நின்றோர் அனைவரும் கூறினர். மருத்துவரோ கிடேரியின் காதிலிருந்த பன்னிரண்டு இலக்க வில்லையைப் பார்த்து, பதிவேட்டிலே தேடினார். 2019-இல் மதுராவிலே தொடங்கப்பட்ட தேசிய நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் புரூசெல்லா தடுப்பூசி போடுகின்றனர். இக்கிடேரிக்கும் கன்றுப் பருவத்திலே அவ்வூசி போடப்பட்டிருந்தது. தடுப்பூசியால் விளைந்த எதிர்ப்பொருளும் சோதனையிலே நோயைப் போலவே தோன்றக் கூடும். சில வாரங்கள் சென்றபின் மறு குருதி எடுத்து வேறு சோதனைகளும் செய்யப்பட்டன. பசுவிடம் நோய் உறுதியாயிற்று, கிடேரி விடுவிக்கப்பட்டது. அந்தச் சிறு வில்லை இல்லாதிருப்பின் நல்ல உருப்படியொன்று வீணே பழி சுமந்திருக்கும்.

நோய் உறுதியான பசுவை என்ன செய்வது? மேனாடுகள் பலவற்றிலே அத்தகைய மாட்டைக் கொன்று, உரியவனுக்கு ஈடு தருவர். நம் நாட்டிலே சமயவுணர்வும் பல மாநிலச் சட்டங்களும் அவ்வழியை அடைத்திருக்கின்றன. விற்றாலோ நோய் வேறொருவன் தொழுவத்திற்குச் செல்லும். வாங்குபவனும் ஏழையே. எனவே, பசுவை விற்காமல் தனித்துக் கட்டி வளர்ப்பதெனப் பையா உறுதி கூறினார். அதற்கு ஈடாக, பதினெட்டு வீட்டார் இரண்டு மாதப் பால் பணத்தை முன்பணமாகக் கொடுத்தோம். மற்ற மாடுகளின் பாலை நன்கு காய்ச்சியே பயன்படுத்தினோம். இன்று பாலை நிறுத்திய வீடுகளுட் பெரும்பாலானவை மீண்டும் வாங்குகின்றன. நோயின் பெயர் தெரிந்த பின்னர்தான் அச்சத்திற்கு ஓர் எல்லை ஏற்பட்டது. அதற்கு முன்னர் எல்லா மாடும் குற்றவாளி, எல்லாப் பாலும் நஞ்சு என்றே இருந்தது.

தாய்மார்களுக்குச் சில சொற்கள். பாஸ்டர் பெயரால் வழங்கும் முறையிலே பாலை 63 பாகை வெப்பத்தில் 30 நிமிடமேனும், 72 பாகையில் 15 வினாடியேனும் வைத்து நோய்க் கிருமிகளை அழிக்கின்றனர். வீட்டிலே நன்கு பொங்கக் காய்ச்சினால் அதனினும் மிகுந்த வெப்பம் கிடைக்கின்றது. ஆதலின், காய்ச்சிய பாலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. காய்ச்சாத பாலையும், அதனாற் செய்த வெண்ணெய், பன்னீர் முதலியவற்றையுமே அஞ்சுதல் வேண்டும். கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடித்தால் உடலுக்கு வலிமை என்று இங்குள்ளோர் சிலர் கூறுவதை நம் பிள்ளைகள் பின்பற்றலாகாது. இறந்த மாட்டின் அருகே குழந்தைகளையும் நாய்களையும் விடலாகாது. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும்.

வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி ஆகியன மலேரியாவிலும் டைபாய்டிலும் காசத்திலும் உண்டு, புரூசெல்லாவிலும் உண்டு. மாட்டு மருத்துவரைக் குழப்பும் அதே இடர் மனித மருத்துவரையும் குழப்புகின்றது. அத்தகைய காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்வோர், மாட்டோடு பழகியதுண்டா, பச்சைப் பால் அருந்தியதுண்டா என்பதைத் தாமே எடுத்துரைத்தல் வேண்டும். அந்த ஒரு சொல் மருத்துவரைச் சரியான சோதனைக்குச் செலுத்தும். நோய் தெரிந்துவிட்டால், இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் தவறாமல் உட்கொள்ளும் மருத்துவமுறை உண்டு. மாட்டுக்கு வாய் இல்லை, நமக்கு இருக்கின்றது, அதைப் பயன்படுத்துதல் நம் பொறுப்பு.

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பொறியாளராகவும் மனித மருத்துவராகவும் விரும்புகின்றனர், நன்று. கால்நடை மருத்துவம் பயில ஒருவரேனும் முன்வருதல் வேண்டும். கிருமியின் மரபுக்கூற்றையே சில மணி நேரத்தில் பெருக்கிக் காட்டும் புதுமுறைகள் இன்று வந்துவிட்டன. ஆயினும், அக்கருவி பெருநகரில் இருக்கின்றது; மாடு சிற்றூரில் இருக்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே நடந்து செல்லும் கால்கள் தேவை. பல மாநிலங்களிலே 1962 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வருகின்றது. இதனை நம் பால்காரருக்கும் அண்டை வீட்டாருக்கும் அவர்கள் மொழியிலேயே எடுத்துக் கூறுங்கள். நமக்குச் சோறிட்ட மண்ணுக்கு நாம் செய்யும் சிறு கைம்மாறாக அது அமையும்.